நம் விமானங்கள் மாதிரி கிட்டுகளாக வராதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாதிரி விமானங்கள் விற்கும் கடைகளுக்குச் செல்லும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு திரும்புகின்றனர். அலமாரி முழுவதும் ஸ்பிட்ஃபயரும் மெசர்ஷ்மிட்டும் மஸ்டாங்குமாக இரண்டாம் உலகப்போர் விமானங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்க, நம் சிங்கப்பூர் ஆகாயப்படை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய ஸ்கைஹாக் போர் விமானம், அதிலும் குறிப்பாகப் பயிற்சி பெறுபவருக்கும் பயிற்றுநருக்கும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டு வைத்து மாற்றியமைக்கப்பட்ட அதன் பயிற்சி விமானம், ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதே அந்தக் கேள்வி. சிறிய நாடு என்பதால் வெளிநாட்டு நிறுவனங்கள் நம்மைப் பொருட்படுத்துவதில்லை என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விமானப் பராமரிப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனும், பல்லாண்டுகளாக இத்தகைய மாதிரிகளைக் கட்டி வருபவனுமாகிய எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. எந்த விமானத்தைக் கிட்டாக, அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரிப் பெட்டியாகச் செய்வது என்று ஒரு சிறு நிறுவனம் முடிவெடுக்கும் விதத்தைக் கவனித்தால், பாகங்களை வார்க்கும் அச்சின் செலவும் விமானத்தின் அளவு, வடிவம் பற்றிய நம்பகமான ஆதாரங்கள் கிடைக்கின்றனவா என்பதும்தான் அங்கே முதலில் பேசப்படுகின்றன என்பது விளங்கும். இவற்றுள் ஆதாரங்களைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் கிட்டின் பாகங்கள், உருக்கிய பாலிஸ்டைரினை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி எடுக்கப்படுபவை. ஒரு போர் விமானத்துக்கு வேண்டிய எஃகு அச்சுகளை வெட்டி முடிப்பதற்குள் பல பத்தாயிரம் வெள்ளி கரைந்துவிடும். பெரிய விமானமாக இருந்தால் அது நூறாயிரங்களை எட்டும். அவ்வளவு பணத்தை முன்கூட்டியே முடக்கும் நிறுவனங்கள், ஜப்பானின் ஷிசுவோக்காவில் இயங்கும் தமியாவும் ஹசெகாவாவும் ஆகட்டும், பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் ஆகட்டும், பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து விற்கக்கூடிய விமானங்களை நாடுவதில் வியப்பில்லை. 20,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட ஸ்பிட்ஃபயருக்கும், 33,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட மெசர்ஷ்மிட் 109-க்கும் உலகின் எந்த மூலையிலும் வாங்குவோர் உண்டு. 1950களின் தொடக்கத்தில் தன் முதல் ஸ்பிட்ஃபயரை விற்ற ஏர்ஃபிக்ஸ், அதன்பின் அதே விமானத்துக்குப் பலமுறை புதிய அச்சு வெட்டியிருக்கிறது. இதில் குறை காண எனக்கு மனமில்லை. அந்த ஸ்பிட்ஃபயர்கள் விற்பதால்தான் கடைகள் திறந்திருக்கின்றன, அதே கடைகளில்தான் நாம் தேடும் அரிய கிட்டுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைக்கிறது.

பெரிய நிறுவனங்கள் தொடாமல் விட்ட இடத்தில் பிழைப்பவை சிறு நிறுவனங்கள். இவற்றுள் கணிசமானவை செக் குடியரசிலும் போலந்திலும் உக்ரேனிலும் உள்ளன. 1989-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி மாறித் தனியார் தொழிலுக்கு வழி திறந்தபோது, அங்கே விமானத் தொழிலின் நீண்ட மரபும் அச்சு வெட்டும் கைத்திறனும் ஏற்கெனவே இருந்தன. இன்று உலகெங்கும் பெயர் பெற்றுள்ள எடுவார்டு நிறுவனம் அதே 1989-இல் தொடங்கியது. மெல்லிய உலோகத் தகட்டில் நுண்பாகங்களை அரித்தெடுத்து விற்றதுதான் அதன் தொடக்கத் தொழில். ஸ்பெஷல் ஹாபி போன்ற நிறுவனங்கள் வளர்ந்ததும் அதே மண்ணில்தான்.

சிறு நிறுவனங்கள் பல, எஃகைவிட மென்மையான பொருளில் அச்சைச் செய்து, குறைந்த அழுத்தத்தில் பாகங்களை வார்க்கின்றன. செலவு பெருமளவு குறைகிறது. ஆனால் அச்சு சில ஆயிரம் பிரதிகளுக்கு மேல் தாங்காது. இத்தகைய கிட்டைக் கட்டியவர்களுக்கு அதன் அடையாளங்கள் தெரியும். பாகத்தை அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தோடு இணைக்கும் தண்டு தடித்திருக்கும். இறக்கையின் இரு பாதிகளைச் சரியாகப் பொருத்த உதவும் சிறு முளைகள் இருக்கமாட்டா. இறக்கையின் பின்விளிம்பை உட்புறமாகத் தேய்த்து மெலிதாக்காவிட்டால் விமானம் மரத்தில் செதுக்கியதாகத் தோன்றும். ஒட்டிய பிறகு இணைப்புக் கோட்டில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பட்டி பார்க்க வேண்டும். இவ்வளவு உழைப்பையும் கேட்டு, விலையும் தமியா கிட்டைவிடக் கூடுதலாக இருக்கும். வேறு எவரும் செய்யாத விமானம் என்பதால் மட்டுமே ஒருவர் அதை வாங்குகிறார். அதற்கும் கீழே, ரெசின் எனும் இறுகும் பிசினால் ஆன கிட்டுகள் உள்ளன. சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றி எடுக்கப்படும் அவை, ஓர் அச்சுக்குச் சில டஜன் பிரதிகள்தான் வரும்.

சில ஆயிரம் பிரதிகளில் முதலைத் திருப்பி எடுத்தாக வேண்டிய நிறுவனம், ஒரே அச்சிலிருந்து எத்தனை வகைப் பெட்டிகளை விற்க முடியும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறது. ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் வார்ப்பதுபோல, ஒரு விமானத்தின் பல வகைகளையும், அதைப் பறக்கவிட்ட பல நாடுகளின் அடையாளங்களையும் ஒரே அச்சுத் தொகுதிக்குள் அடக்க வேண்டும்.

நம் ஊர் வரலாற்றோடு தொடர்புடைய பிரூஸ்டர் பஃபலோ போர் விமானத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கியபோது, சிங்கப்பூரின் காலாங்கில் பிரிட்டனின் 243-ஆம் படைப்பிரிவும் நியூசிலாந்தின் 488-ஆம் படைப்பிரிவும், செம்பவாங்கில் ஆஸ்திரேலியாவின் 453-ஆம் படைப்பிரிவும் இந்த விமானங்களைத்தான் வைத்திருந்தன. தயாரிக்கப்பட்டவை மொத்தமே ஐந்நூற்றுச் சொச்சம். ஸ்பிட்ஃபயரோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் பஃபலோவை அமெரிக்கக் கடற்படையும் கடற்படைத் துருப்புகளும் பயன்படுத்தின. பிரிட்டன் 170 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் படை வாங்கியது. பின்லாந்து 44 விமானங்களை வாங்கிச் சோவியத் விமானங்களுக்கு எதிராகப் பெருவெற்றியுடன் பறக்கவிட்டது. இறக்கைகளும் வால்பகுதியின் பெரும்பங்கும் பொது. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் மூக்கின் நீளமும் வகைக்கு வகை மாறும். எனவே பொதுவான பாகங்களுக்கு ஒரு சட்டம், மாறும் பாகங்களுக்குத் தனிச் சட்டம் என்று பிரித்துவிட்டால், நான்கு சந்தைகளுக்கு நான்கு பெட்டிகள் தயார். ஸ்பெஷல் ஹாபி இந்த விமானத்தை 1:72 (அசலில் 72-இல் ஒரு பங்கு), 1:48, 1:32 ஆகிய மூன்று அளவுகளிலும் வெளியிட்டிருப்பது இந்தக் கணக்கினால்தான் என்பது என் கருத்து. விமானமும் சிறியது; 1:72 அளவில் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 15 செண்டிமீட்டர்கூட இல்லை. அச்சும் சிறிதாகிறது, பெட்டியும் சிறிதாகிறது, வீவக அடுக்குமாடி வீட்டில் அலமாரியின் ஒரு தட்டில் ஐந்தாறு மாதிரிகளை நிறுத்த இடமும் கிடைக்கிறது. நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானத்தை ஒரு நிறுவனம் தொடத் தயங்குவதற்கு, வாங்குபவர் வீட்டில் அதை வைக்க இடமிருக்காது என்பதும் ஒரு காரணம்.

நிறுவனத்தின் மனக்கணக்கைக் கிட்டிலேயே படிக்கலாம். பெட்டியைத் திறந்து, செய்முறைத் தாளில் உள்ள பாகங்களின் படத்தைப் பாருங்கள். சில பாகங்கள் சாம்பல் நிறமிட்டோ குறுக்குக் கோடிட்டோ காட்டப்பட்டிருக்கும். இந்தக் கிட்டுக்கு அவை தேவையில்லை என்று பொருள். வேறு வடிவில் ஒரு ப்ரொப்பெல்லர், வேறு சக்கரங்கள், கூடுதலாக ஒரு மூக்குப்பகுதி. நிறுவனம் அடுத்து எந்த வகையை வெளியிட நினைத்திருக்கிறது, யாரிடம் விற்க நினைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வேண்டாத பாகங்களில் இருக்கின்றன. இளையர்கள் மாதிரி கட்டும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

இந்திய வாசகர்களுக்கும் பழக்கமான இன்னொரு விமானம் ஃபோலண்ட் நேட். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு பறக்கவிட்டது இரண்டு இருக்கை நேட்டை; ஏர்ஃபிக்ஸ் செய்ததும் அந்தப் பயிற்சி விமானத்தையே. 1965 போரில் இந்திய விமானிகள் ஓட்டிய ஒற்றை இருக்கை நேட்டுக்கும், பின்னர் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதை மேம்படுத்தி உருவாக்கிய அஜீத்துக்கும் ஆர்வலர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். செக் நாட்டுச் சிறு நிறுவனம் அதைக் கையில் எடுத்ததற்கு இந்தியா மட்டும் காரணமன்று. பின்லாந்தும் ஒற்றை இருக்கை நேட்டை வைத்திருந்தது. இரு நாடுகள், இரு வகைகள், ஒரே அடிப்படை அச்சு. இந்தியாவைப் போன்ற மாபெரும் நாட்டின் விமானமே இன்னொரு நாட்டின் துணையோடுதான் பெட்டிக்குள் வந்தது என்றால், நாட்டின் பரப்பளவையோ மக்கள்தொகையையோ வைத்து இந்தத் தொழிலை அளக்க முடியாது.

கணக்கு சரியாக வந்தாலும் ஆபத்துகள் உண்டு. ஆய்வு, வரைபடம், அச்சு என்று ஓர் ஆண்டுக்கு மேல் உழைத்து முடிக்கும் வேளையில் ஒரு பெரிய நிறுவனம் அதே விமானத்தை அறிவித்துவிட்டால், சிறு நிறுவனத்தின் பெட்டிகள் கிடங்கிலேயே தங்கிவிடும். முன்கூட்டியே அறிவித்து இடத்தைப் பிடிப்பதா, கடைசிவரை மறைத்து வைப்பதா என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. மொத்த விற்பனையாளர்கள் முன்பதிவாக எத்தனை பெட்டி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முதல் வார்ப்பின் எண்ணிக்கை அமையும். சில விமானத் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரைப் பயன்படுத்த உரிமக் கட்டணமும் கேட்கிறார்கள். 1940களிலேயே மூடப்பட்ட பிரூஸ்டர் போன்ற நிறுவனங்களின் விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவற்றுக்கெல்லாம் அப்பால், நிறுவனத்தை நடத்துபவருக்கு ஒரு விமானத்தின்மீது இருக்கும் பிரியம் என்று ஒன்று உண்டு. சிறு நிறுவனங்களின் பட்டியலை வரிசையாகப் பார்த்தால், எந்தக் கணக்குக்கும் பொருந்தாத ஒன்றிரண்டு விமானங்கள் நடுவில் நிற்கும். நன்றாக விற்கும் கிட்டில் வந்த லாபத்தை எடுத்து, விற்காது என்று தெரிந்தே செய்யப்பட்டவை அவை. என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் மதிக்கத்தக்க முடிவுகள் அவைதான். ஆனால் அந்தப் பிரியத்துக்கும் பிடிப்பதற்கு ஒரு கொம்பு வேண்டும்: அளவுகளும் வரைபடங்களும் படங்களும் வேண்டும்.

ஆதாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தயாரித்த நிறுவனத்தின் வரைபடங்கள் பல சமயம் அழிந்துபோயிருக்கும். கிடைத்தாலும், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விமானம் வரைபடத்தில் உள்ளதைப்போல இருந்ததென்று உறுதியில்லை. அரும்பொருளகத்தில் நிற்கும் விமானத்தை லேசர் கொண்டு அளக்கலாம். ஆனால் அதைப் புதுப்பித்தவர்கள் வேறு விமானத்தின் பாகங்களைப் பொருத்தியிருக்கக்கூடும். ஆகவே பணியில் இருந்த காலத்துப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் எதையும் நம்ப முடியும். வாங்குபவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள். ஒரு மூடியின் வடிவம் தவறினாலும் அந்தக் கிட்டின் பெயர் கெட்டுவிடும். ஆதாரம் போதாத விமானத்தை நிறுவனம் ஒதுக்கி வைப்பதற்கு இந்த அச்சமே காரணம்.

பின்லாந்து இதில் என்ன செய்தது என்று பாருங்கள். அது மக்கள்தொகையில் நம்மைவிடச் சற்றே சிறிய நாடு. 1942-இல் ஏரியில் விழுந்த பிடபிள்யூ-372 என்ற எண் கொண்ட பிரூஸ்டர் விமானம் 1998-இல் மீட்கப்பட்டு, இன்று அந்நாட்டின் டிக்காக்கோஸ்கியில் உள்ள விமான அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2013-இல் பின்லாந்துத் தற்காப்புப் படைகள் சுமார் 160,000 போர்க்காலப் படங்களைப் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிட்டன. எந்த விமானத்தை எந்த நாளில் யார் ஓட்டினார், அதன் வாலில் எத்தனை கோடுகள் இருந்தன என்பதைப் படத்தோடு காட்ட அந்நாட்டு ஆர்வலர்களால் முடிகிறது. ஒரு சிறு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அழைப்பு என்ன வேண்டும்? பின்லாந்து அடையாளத்தோடு பஃபலோ பெட்டிகள் வந்திருப்பதில் வியப்பில்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் ஆகாயப்படையின் விமானங்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. 1970 முதல் நம்மிடம் இருந்த ஹண்டர் விமானத்தை இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் இன்னும் பல நாடுகளும் வைத்திருந்ததால் அதற்கு நல்ல கிட்டுகள் உண்டு. நம் அடையாளங்களை மாதிரியில் ஒட்டுவதற்கான டெக்கல் தாளும் சில சிறு மாற்றங்களும் போதும். 1970களின் இறுதியில் ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணத்தோடு பறந்த கான்கார்டுக்கும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் சிலேத்தாரிலிருந்து பறந்த வில்டபீஸ்ட் குண்டுவீச்சு விமானம் இதற்கு மாறானது. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் எண்டாவில் தரையிறங்கிய ஜப்பானியரைத் தாக்கச் சென்று, அவற்றில் பல திரும்பி வரவில்லை. இரட்டை இறக்கையும் கம்பிக் கட்டுகளும் கொண்ட அந்தப் பழைய விமானத்தைச் சிறு நிறுவனங்களின் பட்டியலில்தான் தேட வேண்டும். ஆனாலும் நியூசிலாந்தும் ஸ்பெயினும் அதை வைத்திருந்தன. வின்சென்ட் என்ற உடன்பிறப்பும் உண்டு. கணக்குக்கு இடமிருக்கிறது.

இரட்டைக் கூண்டு ஸ்கைஹாக்குக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் பழைய ஸ்கைஹாக் விமானங்களை வாங்கிப் புதுப்பித்தபோது, முன்பகுதியை நீட்டி, இரண்டாவது விமானி அறையைத் தனிக் கூண்டோடு சேர்த்தவர்கள் நாம் மட்டுமே. மற்ற நாடுகளின் பயிற்சி ஸ்கைஹாக்கில் இருவருக்கும் ஒரே நீண்ட கூண்டுதான். ஒரே நாடு, ஒரே பெட்டி. எஃகு அச்சு வெட்ட எந்த நிறுவனமும் முன்வராது, முன்வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் பெரிய நிறுவனத்தின் ஸ்கைஹாக் கிட்டிலிருந்து இறக்கையையும் வாலையும் எடுத்துக்கொண்டு, முன்பகுதியை மட்டும் ரெசினில் வார்த்துப் பொருத்துவது நடக்கக்கூடிய காரியம். சில டஜன் பிரதிகள் விற்றால் போதும் என்ற அளவில் இயங்கும் பட்டறைகளுக்கு ஏற்ற வேலை அது. அதைச் சரியாகச் செய்ய, முன் கூண்டுக்குப் பின்னால் உடற்பகுதி எந்த இடத்தில் மேலெழத் தொடங்குகிறது, இரண்டு கூண்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதி மேலிருந்து பார்க்கையில் எவ்வளவு அகலம், பின்னிருக்கையின் கருவிப் பலகை எப்படி இருந்தது என்பவை தெரிந்தாக வேண்டும். பறக்கும் விமானத்தைக் கண்காட்சியில் பக்கவாட்டில் எடுத்த படங்கள் எத்தனை இருந்தாலும் இவற்றைச் சொல்லமாட்டா. பராமரிப்புக் கொட்டகையில், மூடிகளைக் கழற்றி, ஏணிமேல் நின்று எடுத்த ஒரு படம் சொல்லிவிடும்.

அத்தகைய படங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. தேசிய சேவையின்போதும் முழுநேரப் பணியிலும் விமானங்களுக்கு இடையே வாழ்ந்த தமிழர்கள் ஏராளம். அதற்கும் முந்திய தலைமுறையில், பிரிட்டிஷ் விமானப்படை சிலேத்தாரிலும் தெங்காவிலும் சாங்கியிலும் இருந்த காலத்தில், அங்கே வேலை செய்து ஜாலான் காயுவிலும் சுற்றுப்புறங்களிலும் குடியிருந்த நம் குடும்பங்கள் பல. படைப்பிரிவோடு எடுத்துக்கொண்ட படத்தில் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் முகத்தைத் தேடுவார்கள்; கிட் செய்பவரோ அவருக்குப் பின்னால் திறந்திருக்கும் சக்கரக் கூட்டின் உட்புறத்தையும், அதன் நிறத்தையும், கதவின் தடிப்பையும் பார்ப்பார். இரண்டுக்கும் அந்த ஒரே படம்தான். வீடு மாறும்போதும் பெரியவர்கள் மறையும்போதும் இந்த ஆல்பங்கள் குப்பைத் தொட்டிக்குப் போவதை நான் அறிவேன்; அதை நினைக்கையில் உள்ளபடியே வேதனையாக இருக்கிறது. பாய லேபார் விமானத்தளமும் 2030க்குப் பிறகு இடம் மாறும் என்று 2013-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், அங்கு பணியாற்றியவர்களின் நினைவுகளையும் படங்களையும் சேர்க்க இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன என்று இருந்துவிட முடியாது.

பாதுகாப்பு விதிகளை மீறும்படி நான் யாரையும் கேட்கவில்லை. சேவையிலிருந்து விலக்கப்பட்ட விமானங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவற்றிலும் ஐயம் இருந்தால் தற்காப்பு அமைச்சைக் கேட்ட பிறகே படத்தை வெளியே கொடுக்க வேண்டும். உரிய அமைப்புகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பழைய விமானங்களை, முன்கூட்டியே அனுமதி பெற்று, அளவுநாடாவோடும் கேமராவோடும் நெருங்கிப் பார்க்க ஆண்டில் சில நாள்களை ஆர்வலர்களுக்கு ஒதுக்கித் தரலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறு பதிவு செய்யப்படும்போது, விமானத்தில் கைவைத்து வேலை பார்த்த தொழில்நுட்பர்களையும் விமானிகளோடு சேர்த்துக் கேட்கலாம்.

தங்கள் நாளிதழ், வாசகர்களிடமிருந்து இத்தகைய படங்களைக் கேட்டுப் பெற்று, வாரத்துக்கு ஒன்றாக வெளியிட முன்வந்தால் அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும். படம் வைத்திருப்பவர்கள் அதன் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எந்த ஆண்டு, எந்தத் தளம், விமானத்தின் எண் என்ன, படத்தில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்தவரை எழுதி அனுப்பினால் போதும். வண்ணப் படமாக இருந்தால், நிறத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்ப வேண்டும் என்பதையும் அறிவிப்பில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரி விமான ஆர்வலர்,
ஈசூன்